உதட்டைப் பார்த்துக் கேட்போம்

(யாழ்ப்பாணம் வலிகாமத்திலிருந்து வந்த தம்பதியர், தோட்டக் குடும்பங்கள் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை.)



பேச்சைத் தொடங்க முன்னர் ஒரு சின்ன விளையாட்டு. நாங்கள் இப்போது சத்தம் போடாமல் ஒரு சொல்லைச் சொல்கிறோம். எங்கள் உதட்டை மட்டும் பார்த்து, அது என்ன சொல் என்று சொல்லுங்கள்.

சரி. அந்தப் பக்கம் இருப்பவர்கள் "அம்மா" என்கிறீர்கள். இந்தப் பக்கம் இருப்பவர்கள் "அப்பா" என்கிறீர்கள். இரண்டு பக்கத்திலும் பிழையில்லை. "ம்" என்று சொல்லும்போதும் "ப்" என்று சொல்லும்போதும் இரண்டு உதடுகளும் ஒட்டித்தான் பிரிகின்றன. காற்று மூக்கால் போகிறதா, வாயால் போகிறதா என்பதைக் காது பிடிக்கும், கண் பிடிக்காது. அம்மாவையும் அப்பாவையுமே பிரித்துக் காட்டாத இந்த வித்தையை வைத்துக்கொண்டுதான் முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் குடும்பம் நடக்கிறது. எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

எங்களில் ஒருவருக்குக் காது நன்றாகக் கேட்கும். மற்றவருக்குக் கேட்காது. காது கேட்காதவர் மனைவி. இந்தப் பேச்சை இருவரும் சேர்ந்தே எழுதினோம். ஆகையால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

காது போன கதை

நாங்கள் தோட்டக்காரர்தான், ஆனால் எங்கள் ஊரில் தோட்டம் என்றால் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும். 1990ஆம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியது. ஒருநாள் காலையில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து வளவில் ஷெல் விழுந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு காதிலும் பெரிய இரைச்சல், பிறகு பஞ்சு அடைத்த மாதிரி ஒரு நிலை. நாலு நாளில் சரியாகும் என்று இருந்தோம். சரியாகவில்லை.

ஏன் சரியாகவில்லை என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டோம். செவிப்பறை கிழிந்தால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். அதற்கும் உள்ளே நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற மிக நுண்ணிய கலங்கள் இருக்கின்றன. சத்தத்தை மூளைக்கு எடுத்துச் சொல்வது அவைதான். பெருஞ்சத்தத்தில் அவை செத்துப்போனால் மறுபடி முளைப்பதில்லை. ஒரே ஒரு வெடியிலும் அவை சாகலாம். வருஷக் கணக்கில் இரைச்சலுக்குள் வேலை செய்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகலாம்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற காற்றாடி, ரோலர், சல்லடை எல்லாம் ஒன்றாக ஓடுகிற இடத்தில் வேலை செய்பவர்கள் இருக்கிறீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒருநாளைக்கு 8 மணித்தியாலம்தான் பாதுகாப்பான எல்லை என்பார்கள். அது 88 டெசிபல் ஆனால் 4 மணித்தியாலம்தான். அளக்கக் கருவி வேண்டாம். கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நிற்பவருடன் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் அந்தச் சத்தம் காதுக்குக் கெடுதி. காதடைப்பான் கேளுங்கள், கிடைத்தால் வெட்கப்படாமல் போடுங்கள்.

ஜாம் போத்தல் வெளிச்சத்தில்

உங்கள் மலைநாட்டு லக்சபானாவிலிருந்து எங்களுக்கு மின்சாரம் வந்துகொண்டிருந்தது. 1990இல் அது நின்றது. பிறகு பொருளாதாரத் தடை. வடக்கே கொண்டுபோகக்கூடாது என்று தடுத்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. காதில் போடுகிற கருவி கிடைத்தாலும் பற்றரி இல்லாமல் அதனால் என்ன பயன்? ஆகவே இருந்த ஒரே வழி உதட்டைப் பார்ப்பதுதான்.

மண்ணெண்ணெயும் தங்க விலை. சனங்கள் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்தார்கள். அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் பாடம் படித்தோம். முதல் பாடமே விளக்கை எங்கே வைப்பது என்பதுதான். முதலில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தோம், கண் கூசியது. பிறகு கேட்பவர் பக்கம் வைத்தோம். பேசுகிறவர் முகம் இருட்டாகிவிட்டது. கடைசியில்தான் விளங்கியது: வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழவேண்டும். இன்றைக்கும் நாங்கள் ஒரு வீட்டுக்குப் போனால் யன்னலுக்கு முதுகு காட்டி எவரையும் இருக்க விடுவதில்லை.

எங்களுக்குச் சொல்லித் தந்தவர், காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை. எங்கள் முற்றத்தில் வாங்கு போட்டு இருந்து, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் சொல்லித் தந்தார். அவர் சொன்ன கணக்கு இது.

உதட்டில் நன்றாகத் தெரிகிற எழுத்துகள் கொஞ்சம்தான். ப, ம சொன்னால் உதடு மூடும். வ சொன்னால் கீழுதட்டில் பல் முட்டும். உ, ஊ, ஒ, ஓ சொன்னால் உதடு குவியும். இ, ஈ, எ, ஏ சொன்னால் விரியும். அ, ஆ சொன்னால் வாய் திறக்கும். த, ந, ல சொல்லும்போது நாக்கு நுனி கொஞ்சம் தெரியும். மற்ற எல்லாம் உள்வீட்டுச் சங்கதி. க, ங, ட, ண, ள, ழ, ற எதுவும் வெளியே தெரியாது. "அக்கா" என்றாலும் "அண்ணா" என்றாலும் வாய் ஒரே மாதிரித்தான் திறக்கும். "மருந்து" என்றாலும் "பருந்து" என்றாலும் ஒன்றுதான்.

அப்படியானால் எப்படிப் பிடிப்பது? புத்தியால்தான். "குடிச்சாச்சோ?" என்ற சொல்லோடு வந்தால் அது மருந்து. கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனால் அது பருந்து. உதடு பாதியைத்தான் சொல்லும். மீதியை, என்ன பேச்சு நடக்கிறது என்பதை வைத்து மூளை இட்டு நிரப்பும். ஆகையால்தான் அந்த ஆசிரியை எங்கள் இருவரையும் சேர்த்து இருத்திப் படிப்பித்தார். "இது ஒராள் படிக்கிற பாடமில்லை. பாக்கிறவவுக்குப் பாதி, கதைக்கிறவருக்குப் பாதி" என்று அடிக்கடி சொல்வார். நாங்கள் இன்றைக்குச் சொல்ல வந்ததும் இந்த ஒன்றைத்தான்.

முதல் மாதம் வீட்டிலுள்ளவர் பெயர்கள். பிறகு மரக்கறிப் பெயர்கள். பிறகு சந்தைக் கதை, கோயில் கதை. ஒருநாளைக்குக் கால் மணித்தியாலம். அதற்கு மேல் கண் களைத்துப்போகும், தலை இடிக்கும். காது கேட்காதவர் பின்னேரத்தில் சிடுசிடுத்தால் அது குணக்கேடு அல்ல. பகல் முழுதும் கண்ணால் கேட்ட களைப்பு.

தலையாட்டியதால் வந்த வினை

ஒருமுறை காய்ச்சலுக்கு மருந்து எடுக்கப் போனோம். உள்ளே போனவர் காது கேட்காதவர் மட்டும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் குளிசை போடச் சொல்லியிருக்கிறார்கள். "ஆறு" என்றாலும் "நாலு" என்றாலும் வாய் திறப்பதுதான் பெரிதாகத் தெரியும். இவர் நாலு என்று எடுத்துக்கொண்டார். திருப்பிக் கேட்க வெட்கம். பின்னால் சனம் நின்றது. "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் வயிற்று வலியும் தலைச்சுற்றும். குளிசையும் இரண்டு நாள் முந்தி முடிந்துவிட்டது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

பிழை எவருடையது என்று நாங்கள் வழக்குப் பேசவில்லை. அன்றிலிருந்து வீட்டில் இரண்டு சட்டம் போட்டோம். காது கேட்காதவர் விளங்காமல் தலையாட்டக்கூடாது. எண் சொல்கிறவர் விரலைக் காட்டிச் சொல்லவேண்டும். ஆறும் நாலும் மட்டுமல்ல, ஏழும் எட்டும்கூட உதட்டில் அக்கா தங்கை மாதிரித்தான். டிஸ்பென்சரியில் "எழுதித் தாங்க ஐயா" என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை.

இரவில் கட்டிய கயிறு

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி. வலிகாமத்துச் சனங்கள் எல்லாரையும் வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். இலட்சக்கணக்கான சனம் மழைக்குள், இருட்டுக்குள், நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் காது கேட்காதவருக்கு ஏது? இருட்டில் உதடும் தெரியாது. அந்த இரவு முழுவதும் எங்கள் இருவர் மணிக்கட்டையும் ஒரு சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தோம். ஒரு இழுப்பு என்றால் நில். இரண்டு இழுப்பு என்றால் நட. மூன்று இழுப்பு என்றால் கீழே படு. அந்தக் கயிறு இன்றும் வீட்டில் இருக்கிறது.

பழைய துன்பத்தைச் சொல்லி உங்களை அழவைக்க இதைச் சொல்லவில்லை. உங்கள் மலையில் குளவி இருக்கிறது. குளவி கலைந்தால் ஒருத்தி "குளவி! ஓடுங்க!" என்று கத்துவாள், நிரையில் நிற்கிற எல்லாரும் ஓடுவார்கள். காது கேட்காதவர் குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டே இருப்பார். அவர் உதட்டைப் பார்க்க நிமிர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு நிரையிலும் அப்படிப்பட்டவருக்குப் பக்கத்தில் ஒரு துணை இருக்கவேண்டும். ஆபத்து என்றால் தோளில் தட்டிக் கையைப் பிடித்து இழுப்பது அந்தத் துணையின் பொறுப்பு. கங்காணிமாரும் வெளிக்கள உத்தியோகத்தர்மாரும் இதை இன்றைக்கே ஒழுங்கு செய்யலாம். ஒரு சதம் செலவில்லை.

பெரட்டுக் களமும் அப்படித்தான். விடியற்காலை, பனி மூட்டம், முகம் தெரியாது. "இன்னைக்கு எந்த மலை" என்று சொல்வது அவருக்குப் போய்ச் சேராது. அவர் வேறு மலைக்குப் போய் நின்றால் "செவிடி, சொன்னது கேக்கலையா?" என்று ஏசுகிறோம். ஏசுவதற்குப் பதில், முன்னால் போய் நின்று, வேலை மலையின் பெயரைச் சொல்லிக் கையையும் காட்டினால் முடிந்தது.

கைதடிப் பள்ளிக்கூடம்

இதுவரை சொன்னது பேச்சுப் பழகிய பிறகு காது போனவர் கதை. பிறக்கும்போதே காது கேளாத பிள்ளையின் கதை வேறு. அந்தப் பிள்ளைக்குச் சொற்களே தெரியாது. தெரியாத சொல்லை உதட்டில் எப்படி வாசிப்பது?

இலங்கையில் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கான பள்ளியை 1912இல் மேரி சப்மன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கினார். அதுவே பிறகு இரத்மலானைப் பள்ளியாக வளர்ந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணம் கைதடியில் நுஃபீல்ட் பாடசாலை 1956இல் வந்தது. இதில் ஒரு முக்கியமான சங்கதி இருக்கிறது. உதடும் ஒரு பாஷைதான் பேசும். சிங்களத்தில் உதடு பார்க்கப் பழகிய பிள்ளைக்குத் தன் தாயின் தமிழ் உதடு விளங்காது. லீவுக்கு வீட்டுக்கு வந்தாலும் தாயோடு பேச முடியாது. தமிழிலேயே படிப்பிக்கிற பள்ளி வேண்டியிருந்தது அதற்காகத்தான்.

பேச்சுப் பயிற்சியில் பிள்ளையின் கையை ஆசிரியை தன் தொண்டையில் வைப்பார். "ம்" என்னும்போது அதிர்வு தெரியும். உதட்டுக்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடிப்பார். "ப" என்னும்போது கடதாசி அசையும். கண் பிரிக்காத அம்மாவையும் அப்பாவையும் அந்தப் பிள்ளை கையால் தொட்டுப் பிரித்துக்கொள்ளும்.

ஆனாலும் உதடு மட்டும் போதாது. 1880இல் இத்தாலியில் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை கூடாது, வாய்ப்பேச்சு மட்டும்தான் என்று தீர்மானம் போட்டது. பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகளின் கையில் அடி விழுந்தது. 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு, அந்தத் தீர்மானங்களைத் தள்ளிவைத்து வருத்தம் தெரிவித்தது. சைகை மொழி ஊமைக் கூத்து அல்ல. அதற்கும் இலக்கணம் உண்டு. உங்கள் பிள்ளை கையால் பேசினால் தடுக்காதீர்கள். நீங்களும் பழகுங்கள். பிள்ளைக்கு ஒரு பாஷை முழுதாக வேண்டும். அது கையிலிருந்தாலும் சரி, வாயிலிருந்தாலும் சரி.

காலம் தாழ்த்துவதுதான் பெரிய பிழை. கதவு படாரென்று அடித்தால் கைக்குழந்தை திடுக்கிடுகிறதா? ஆறு மாதத்தில் அம்மா கூப்பிட்ட பக்கம் திரும்புகிறதா? ஒரு வயதையொட்டி ஒரு சொல்லாவது வருகிறதா? இல்லையென்றால் "இது அவன் தாத்தா மாதிரி, மெதுவாத்தான் பேசுவான்" என்று இருந்துவிடாதீர்கள். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லிக் காது கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். பிள்ளை மடுவத்து அம்மாமாரும் இதைக் கவனிக்கலாம்.

காதில் சீழ் வடிந்தால் அதுவும் "வளர வளரப் போய்விடும்" என்று விடக்கூடாது. காய்ச்சிய எண்ணெய், இலைச்சாறு எதுவும் ஊற்றவேண்டாம். நெருப்புக்குச்சியும் கொண்டை ஊசியும் காதுக்குள் போகக்கூடாது. கர்ப்பிணித் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை காது கேளாமல் பிறக்கலாம். அதற்கு இலங்கையில் 1996 முதல் தடுப்பூசி இருக்கிறது. அதைத் தவறவிடாதீர்கள். 43 கோடி சனங்களுக்குக் காதுக்கு உதவி தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் கணக்குச் சொன்னது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பாதி

எங்களுக்கு 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகுதான் காதுக் கருவி வாங்க வழி பிறந்தது. அது நல்ல உதவி. ஆனாலும் கருவி சத்தத்தைத்தான் கூட்டும். எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே கூட்டும். உதட்டைப் பார்ப்பதை இன்றும் விடவில்லை. 2020இல் கொரோனா வந்து எல்லாரும் முகக்கவசம் போட்டபோது எங்கள் வீட்டுக்கு மறுபடி 1990 வந்த மாதிரி இருந்தது. கடைக்காரர், பஸ் கண்டக்டர், தாதிமார், எவருக்கும் வாயே இல்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டு திரிந்தோம்.

ஆகவே, பேசுகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான். முதலில் தோளில் தொட்டோ கை அசைத்தோ பார்க்கச் செய்யுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ நில்லுங்கள். வாயில் வெற்றிலையை வைத்துக்கொண்டு பேசாதீர்கள். எங்கள் ஊரில் சுருட்டு, உங்கள் ஊரில் வெற்றிலை, இரண்டும் எங்களுக்கு எதிரிதான். கத்தாதீர்கள், கத்தினால் வாய் கோணும், கோபம் என்று நினைக்கத் தோன்றும். என்ன விஷயம் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். விளங்கவில்லையென்றால் அதே சொல்லைப் பத்துத் தரம் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் அடிக்கடி நடந்தது. பிள்ளைகள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். "இஞ்சாருங்கோ, என்ன சொன்னவை?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை, விடு" என்று பதில் வரும். சொன்னவருக்கு அது சின்னச் சொல். கேட்டவருக்கு அது கதவை மூடிய மாதிரி. நாலு தரம் அப்படிச் சொன்னால் ஐந்தாம் தரம் அவர் கேட்கமாட்டார். பிறகு அடுப்படியிலேயே இருந்துவிடுவார். கலியாண வீட்டுக்கும் வரமாட்டார். எங்களுக்கு அது ஒன்றரை வருஷம் நடந்தது. எங்களில் காது கேட்பவர் சொன்ன பிழைதான் அது. இந்தக் கூட்டத்தில் அதை ஒப்புக்கொள்கிறோம். ஒருநாள் சின்ன மகள்தான் அடுப்படிக்குப் போய், அம்மாவின் முகத்தைக் கையால் தன் பக்கம் திருப்பி, அந்தப் பகிடியை முதலிலிருந்து ஆறுதலாகச் சொன்னாள். பெரிய பகிடி ஒன்றுமில்லை. பூனை தயிர்ச் சட்டிக்குள் தலையை விட்ட கதை. ஆனால் அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எங்கள் கண்ணில் நிற்கிறது.

உங்கள் லயத்திலும் அப்படி ஒரு பாட்டி இருப்பார். ஸ்டோரில் வேலை செய்து காது மந்தமான ஒரு மாமா இருப்பார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் "ஒன்னுமில்ல, விடுங்க" என்ற சொல்லை அவரிடம் சொல்லாமல் இருங்கள். விளக்கைப் போட்டு, முன்னால் உட்கார்ந்து, இந்தக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். அம்மா, அப்பா விளையாட்டையும் செய்து காட்டுங்கள். அவர் பாதியைப் பார்த்துக்கொள்வார். மற்றப் பாதி உங்களுடையது.